பாதி இறங்கிய ஷட்டர்

ஆரியசாலையில் ஒரு கடையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் நாலு வருஷம் அதே கடைக்கு வாடிக்கையாளராகவும் இருந்தேன். இரண்டிலும் நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாவதில் ஒரு நாள் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும் வரை.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தச் சரக்குக் கடைகளுக்கு நடுவே, ஒரு மினி லாரி நுழைந்தால் ஆள் நடக்க வழியில்லாமல் போகிற சந்தில், ஒற்றை ஷட்டர் வைத்த கடை. கேக் பெட்டி, லட்டுப் பெட்டி, பலகாரப் பெட்டி. சிவகாசியிலிருந்து அச்சடித்து வெட்டிய அட்டைகள் கட்டுக்கட்டாக வரும். அவற்றை மடித்து, ஓரத்தில் மைதாப் பசை தடவி, பெட்டியாக்கி ஊரிலுள்ள பேக்கரிகளுக்குக் கொடுப்போம். திருவனந்தபுரத்தில் பேக்கரி இல்லாத முக்கு கிடையாது. ஆகவே எங்களுக்கு வேலை இல்லாத நாளும் கிடையாது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தெருவே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே. ஐம்பதைத் தொட்ட வயது. கோபமோ பயமோ வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அதற்குமேல் அவருக்கு ஆத்திரம் போகாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்துநாலு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப்ரைட்டிங் லோயர். பதினெட்டு முடிந்த வாரமே எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்தாயிற்று. அப்பா இல்லாத வீடு. அம்மா கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் சமையல். அவள் மொத்த நம்பிக்கையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரப்போகிற ஒரு கார்டில் இருந்தது. இன்ன தேதியில் இன்ன ஆபீசில் இண்டர்வியூவுக்கு வா என்று சொல்கிற கார்டு. தபால்காரர் எங்கள் வீட்டுச் சந்துக்குள் வந்தாலே அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

கார்டு வருகிறவரைக்கும் தொழிலில்லா வேதனம் என்று ஒன்று உண்டு. பெயரைப் பதிந்து சில வருஷம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற சிறு தொகை. மாதாமாதம் என்பது பேச்சுக்கு. ஓணத்தை ஒட்டித்தான் மொத்தமாகக் கைக்கு வரும். அதை வாங்க நிற்கிற வரிசையில் பாதிப்பேர் அவரவர் வேலைக்கு அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதில் ஒருத்தி.

பெயர் ஒரு கடையின் பதிவேட்டில் ஏறிவிட்டால் வேதனம் நின்றுவிடும். அதோடு போனால் பரவாயில்லை, எக்ஸ்சேஞ்சில் இத்தனை வருஷம் காத்திருந்த சீனியாரிட்டியும் போய்விடும், கார்டே வராது என்று தெருவெல்லாம் பேச்சு. ஆகவே நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மாவும் கூட வந்து அண்ணாச்சியிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"புள்ள நல்லா சோலி பாப்பா அண்ணாச்சி. ஆனா பேரை மட்டும் எதுலயும் எழுதிராதீங்க, கேட்டீங்களா?"

அண்ணாச்சியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் ஏம்மா எழுதப் போறேன்? எழுதினா எனக்கில்லா தலைவலி" என்றார்.

அவர் தலைவலி மேசை இழுப்பறையில் இருந்தது. மொத்தம் ஏழு நோட்டு. வருகைக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று, கூடுதல் நேர வேலைக்கு ஒன்று, முன்பணத்துக்கு ஒன்று, அபராதத்துக்கு ஒன்று, லேபர் ஆபீசர் வந்தால் குறிப்பு எழுதிவிட்டுப் போக ஒன்று. ஓர் ஆளைச் சேர்த்தால் ஏழிலும் எழுத வேண்டும். அபராத நோட்டில் மாதாமாதம் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். யாருக்கும் அபராதம் போடாத குற்றத்துக்கு அவருக்குக் கிடைத்த அபராதம் அது என்று நான் கேலி செய்வேன்.

அந்த நோட்டுகளில் இருந்த ஒரே தொழிலாளி அண்ணாச்சியின் மச்சினன். கடை திறந்தபோது கூடவே நின்றவன், மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்பிப்போய் உரக்கடை வைத்துவிட்டான். அவன் பெயரை நீக்க வேண்டுமென்றால் அவன் கையெழுத்தோடு ஒரு கடிதம், ஒரு ரசீது, ஆபீசில் ஒரு படிவம், நாலு நடை. நீக்காமல் வைத்திருக்க ஒன்றும் வேண்டாம். ஆகவே அவன் எங்கள் கடையில் ஒரு நாள்கூட லீவு போடாமல், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வருஷக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீசர் எங்கே ஆளைக் காணோம் என்று கேட்டால் பேங்க்குக்குப் போயிருக்கிறான் என்பார் அண்ணாச்சி. தினமும் நானூறு பெட்டி மடிக்கிற நான் அந்தக் கடையில் கிடையவே கிடையாது.

எங்கள் கடை மட்டுமல்ல, சந்து முழுக்க இந்தக் கதைதான். பாத்திரக் கடையில் ரெண்டு பேர், ஊதுபத்திக் கடையில் மூன்று பேர், மளிகை மொத்தக் கடையில் கணக்கே இல்லை. கடைக்காரருக்கு நோட்டுப் பயம், வேலைக்காரருக்கு வேதனப் பயம். இரண்டு பயமும் கைகோத்துக்கொண்டு எங்களைக் காப்பாற்றிய விதம் இது: சந்து முகப்பில் ஒரு கயிற்றுக் கடை. லேபர் ஆபீசரின் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் தெரிந்ததும் கயிற்றுக் கடைக்காரர் தன் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார். அந்தக் கடகட சத்தம் சந்தின் கடைசிவரை கேட்கும். உடனே பெயர் எழுதப்படாத அத்தனை பேரும் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நின்று வாடிக்கையாளர் ஆகிவிடுவோம்.

ஆரம்பத்தில் கடை மாறி நின்று பார்த்தோம். அது சரிப்படவில்லை. ஊதுபத்திக் கடைப் பெண் பாத்திரக் கடை முன்னால் நின்று குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரவர் கடை முன்னாலேயே நிற்பது என்று ஏற்பாடு. நான் எங்கள் கடை முன்னால் நின்று, காலையில் நானே ஒட்டிய பெட்டியைக் கையில் எடுத்து, அண்ணாச்சியோடு விலை பேசுவேன். அவருக்கு நடிப்பு வராது. நான் விலையைக் குறைக்கச் சொன்னால் நிஜமாகவே குறைத்துவிடுவார்.

பழைய ஆபீசர் ஒருமுறை அண்ணாச்சியிடம், "எந்தா அண்ணாச்சி, ஞான் வரும்போதெல்லாம் இந்தத் தெருவில கச்சவடம் பொடிபொடிக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாபாரம் அமோகமாக நடக்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பினாரா, கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். ஷட்டர் இறங்குகிற ஒவ்வொரு முறையும், வெளியே போய் நின்று என் கடையை நானே அந்நியமாகப் பார்க்கிற அந்தக் கால்மணி நேரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அட்டை மடிகிற சத்தம் பிடித்திருந்தது. தெருவில் யாராவது என் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் திரும்பிப் பார்ப்பேன். இதை வீட்டில் சொல்ல வெட்கம். வேலை என்றால் எங்கள் வீட்டில் சர்க்கார் வேலை, மற்றதெல்லாம் அதுவரைக்கும் பொழுதை ஓட்டுவது.

நாலாவது வருஷம் மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, அண்ணாச்சி சரக்கு கொடுக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அம்மாள், நீலப்பூப் போட்ட குடையை மடக்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம், பலகாரம் கொடுக்க நூறு பெட்டி வேண்டும் என்றார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பேச்சு, மலையாளமும் தமிழும் பாதிப்பாதி. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் வாய் நிற்காது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டி மடித்துக் காட்டினேன். அவர் அசந்துபோய், "எத்தர நாளா மோளே இவிடே?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் ஆச்சு சேச்சி. அண்ணாச்சி பேருக்குத்தான். கடை ஓடுறது இந்தக் கையில."

விலை கொஞ்சம் குறையுமா என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "இதுக்குக் குறைஞ்சு சாலைக் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் கிட்டாது சேச்சி. கிட்டினா சொல்லுங்க, நான் சும்மா தாறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நூறு பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ஷட்டர் சத்தம் கேட்டது. பழைய ஆபீசர் மாற்றலாகிப் போய்ப் புது ஆள் வந்திருப்பதாகத் தெருவில் பேச்சு. முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் கூட வருகிற பியூன் பழைய ஆள்தான், அவரை வைத்துக் கயிற்றுக் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். நான் வழக்கம்போல் வெளியே பாய்ந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு பெட்டியை எடுத்தேன்.

"இது என்ன விலை?"

அண்ணாச்சி விலையைச் சொன்னார்.

"ஐயய்யோ, பகல் கொள்ளையா இருக்கே! பக்கத்துத் தெருவுல இதே பெட்டி பாதி விலைக்குக் கிட்டுது!" அன்றைக்கு நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

"பாதி விலைக்கா? எவிடே மோளே?" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். முதலில் தெரிந்தது நீலப்பூப் போட்ட குடை.

"இதுக்குக் குறைஞ்சு கிட்டினா சும்மா தாறேன்னு அன்னைக்குச் சொன்னது நீதானே? அப்போ என்ட நூறு பெட்டிக்கு உள்ள காசைத் திருப்பித் தா" என்றார் புது லேபர் ஆபீசர்.

கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏழு நோட்டையும் கேட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இந்த மச்சினன் எவிடே?" என்றார்.

"பேங்க்குக்கு..." என்றார் அண்ணாச்சி. அந்தக் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"இத்தனை வருஷமா பேங்க்கிலயா இருக்கார்?"

பியூன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஆபீசர் நோட்டுகளை அடுக்கி மேசையில் வைத்துவிட்டு, "இது மொத்தமும் எதுக்கு எழுதுறீங்க? இத்தர சின்னக் கடைக்கு ஒரு புத்தகம் போதும். எல்லாம் அதுல எழுதலாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கடுதாசி ஆபீசுக்கு அனுப்பணும், அத்தரதான்" என்றார்.

"யாரும் சொல்லலியே மேடம்."

"நீங்க யாரும் கேக்கலியே."

பிறகு என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகவும், அதற்குள் ஒரு முடிவு வேண்டும் என்றும் சொன்னார். ஒன்று, என் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் அந்தக் கடையில் இருக்கக் கூடாது. போகும்போது குடையை விரித்துக்கொண்டே, "பெட்டி எல்லாருக்கும் இஷ்டமாச்சு, கேட்டோ" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா மெஸ்ஸிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவவில்லை.

"எழுதிராத ஏட்டி. அந்தச் சோலியே வேண்டாம். நாளைலேருந்து போகாத. ஒம்பது வருஷம் காத்திருந்தாச்சு, இனி கார்டு வர எத்தன நாளு?"

"கார்டு வராட்டி?"

"வரும்."

"நீ பாத்தியா?"

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் இருபது வருஷத்துக்கு மேல் அந்த மெஸ்ஸில் சமைக்கிறாள். காய்ச்சல் வந்து நாலு நாள் போகாவிட்டால் நாலு நாள் கூலி கிடையாது. ஏன் என்று கேட்க முடியாது, ஏனென்றால் அவள் அங்கே வேலை பார்ப்பதாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை. மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதுதான் அந்தக் கார்டு மேல் அவள் வைத்த ஆசை. அதே ஆசைதான் என் பெயரையும் எழுத விடாமல் தடுத்தது. எனக்கு அவள் மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. எது முதலில் என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போகாமல் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். வரிசையில் நின்று, கம்பி வைத்த ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். பிரைவட் கடையில் பேர் எழுதினால் சீனியாரிட்டி போய்விடுமா?

உள்ளே இருந்த கிளார்க் தேநீர்க் குவளையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அது எந்தினு போகணும்? வேதனம் நிக்கும். சோலி கிட்டியவளுக்கு எந்தினு தொழிலில்லா வேதனம்? சீனியாரிட்டி அங்ஙனே தன்னே இருக்கும். கார்டு நேரத்துக்குப் புதுக்கணும், அத்தரதான்."

நேரத்துக்குப் புதுப்பித்தால் போதுமாம். நாலு வருஷம் நான் பயந்தது இதற்குத்தான். அண்ணாச்சி இல்லாத சட்டத்துக்கு ஏழு நோட்டு எழுதினார், நான் இல்லாத சட்டத்துக்கு ஒளிந்து நின்றேன். சந்து முழுக்க ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டோமே தவிர, கேட்க வேண்டிய இடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு என்னை நினைத்தே எரிச்சல்.

அம்மாவிடம் சொன்னேன். கார்டு போகாது என்றதும் முகம் தெளிந்தது. "வேதனம்?" என்றாள்.

"அது நின்னுரும்."

அந்த வருஷ ஓணப் பணத்தில் கூரைத் தகரம் மாற்றுவதாக இருந்தோம். மழைக்கு மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தாள். அவள் உலையில் அரிசியைப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஒரு புதுப் புத்தகம் வாங்கி வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ஆபீசர் வந்து உட்கார்ந்ததும் அண்ணாச்சி பேனாவை என்னிடம் நீட்டி, "நீயே எழுது தாயி. என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்" என்றார். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். வயது எழுதினேன். வேலை என்கிற கட்டத்தில் 'பெட்டி மடிப்பு' என்று எழுதினேன். அடுத்த கட்டம், வேலையில் சேர்ந்த நாள்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் தெருவைப் பார்த்தார்.

அன்றைய தேதியைப் போட்டேன். நாலு வருஷமும் அந்த ஒரு கட்டத்தில் காணாமல் போயிற்று. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாலு வருஷமும் வேலையில்லை என்று கையெழுத்துப் போட்டு வேதனம் வாங்கியவளும் நான்தானே, வாயைத் திறக்க எனக்கு என்ன வழி? மச்சினனுக்கும் அன்றோடு விடுதலை. ஒரு கடிதத்தோடு முடித்துக்கொடுத்தார் ஆபீசர்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஆளே மாறிப்போனார். ஏழு நோட்டுப் பயத்தில்தான் அவர் இத்தனை நாள் பெரிய பேக்கரி ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆர்டரை எடுத்தால் ஆள் வேண்டும், ஆள் வந்தால் நோட்டு வரும். இப்போது ஒரே புத்தகம் என்றானதும் மூன்று மாதத்துக்குள் இன்னும் ரெண்டு பெண்களைச் சேர்த்தார். நானூற்றுக்கு மேல் மடிக்கிற ஒவ்வொரு நூறு பெட்டிக்கும் தனியாகக் கொடுப்பதாகச் சொன்னார். சொன்ன அன்றே நான் அறுநூற்றைத் தொட்டேன். "ஏ தாயி, அப்ப இத்தன நாளும் மெதுவாத்தான் மடிச்சியா?" என்று கேட்டார். நான் அடுத்த அட்டையை எடுத்தேன். கூரைத் தகரம் அந்த ஓணத்துக்கு மாறவில்லை, அடுத்த விஷுவுக்கு மாறியது. அண்ணாச்சி கொடுத்த போனஸில்தான்.

கார்டு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது. ஏழு வருஷம் கழித்து, ஆறு மாதம்கூட நிறையாத ஒரு தற்காலிக வேலைக்கு. அப்போது நான் எங்கள் கடையில் பதினோரு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இண்டர்வியூவுக்குப் போகவில்லை. அம்மா அந்தக் கார்டைத் தூக்கிப் போடவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. அதற்குக் காரணம், நான் பெயர் எழுதிய அடுத்த வருஷம் நடந்த ஒரு விஷயம்.

அம்மா வேலை பார்த்த மெஸ்ஸை அதன் முதலாளி ஒரு நாள் மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். கடைசி நாள் ஒரு சேலை கொடுத்தார், அவ்வளவுதான். அம்மாவுக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. ஒரு வாரம் கழித்து எங்கள் கடைக்கு வந்து நின்றாள். ஓண சீசன். பசை காய்ச்சுகிற பெண்ணின் கையில் அது அடிக்கடி கட்டிதட்டிவிடும். அம்மா அவளைத் தள்ளிவிட்டுக் கரண்டியை வாங்கினாள். அன்றிலிருந்து பசை அவள் பொறுப்பு. பசை காய்ச்சியது போக ஒட்டவும் உட்கார்ந்துவிடுவாள். அண்ணாச்சி புத்தகத்தை எடுத்தபோது, "எனக்கு எதுக்கு? வயசான காலத்துல சும்மா ஒத்தாசைக்கு வந்து நிக்கேன்" என்று கையை ஆட்டிவிட்டாள். கூலி வாங்கிக்கொண்டாள், பெயர் வேண்டாம் என்றாள். பழைய பயம் அவளை விட்டுப் போகவில்லை. எழுதினால் ஏதாவது போய்விடும், அவளுக்கு என்ன போகும் என்பது மட்டும் அவளுக்கே தெரியாது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் கயிற்றுக் கடை ஷட்டர் கடகடவென்று பாதி இறங்கியது. சந்தில் இன்னும் நிறையப் பேர் எழுதப்படாமல்தான் இருந்தார்கள். பாத்திரக் கடையிலிருந்து ஆட்கள் வெளியே ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மடித்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்காமல் இருப்பது எவ்வளவு சுகமான விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வெளியே ஓடிப்போய் நின்றாள்.

"அம்மா, நீ ஏன்..." என்று தொடங்கினேன். அதற்குள் நீலப்பூக் குடை கடை வாசலுக்கு வந்துவிட்டது.

அம்மா மேசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். காலையில் அவளே ஒட்டிய பெட்டி. என் முகத்தைப் பார்க்காமல், முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல என்னிடமே கேட்டாள்.

"இந்தப் பெட்டி என்ன விலைம்மா?"

நான் வெளியே நின்றபோது சிரிப்பாக இருந்தது, உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது அது சிரிப்பாக இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் விலையைச் சொன்னேன்.

அம்மாவின் கண் விரிந்தது. அதுவரைக்கும் அவளுக்கு விலை தெரியாது. "இம்புட்டு விலையா?" என்றாள். அது நடிப்பு இல்லை. தான் ஒட்டிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மைக்காவது கொஞ்சம் குறைச்சுக் கொடு மோளே" என்றார் ஆபீசர்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், அம்மாவைத் தவிர. அவள் பெட்டியை மேசையில் வைக்கப் பார்த்தாள். விரலில் பசை காயவில்லை. பெட்டி கையோடு வந்தது. உதறிப் பார்த்தாள், போகவில்லை. கடைசியில் பெட்டியோடேயே உள்ளே வந்து அண்ணாச்சி முன்னால் நின்றாள்.

"அந்தப் புத்தகத்தை எடுங்க அண்ணாச்சி. எனக்கும் எழுதுங்க."

புத்தகத்தை நான்தான் விரித்தேன். நாலாவது வரியில் அம்மாவின் பெயரை எழுதினேன். வயது கேட்டேன். "உன் வயசோட இருபதைக் கூட்டிக்கோ" என்றாள். வேலை என்கிற கட்டத்தில் 'பசை' என்று எழுதினேன்.

"எப்போ சோலிக்குச் சேர்ந்தது அம்மே?" என்று கேட்டார் ஆபீசர். சும்மா, அடுத்த கட்டத்துக்காக.

பொய் சொல்லக் கூடாத இடம் என்று நினைத்தவளைப்போல, அம்மா நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு அப்ப எட்டு வயசு."

நான் அன்றைய தேதியை எழுதினேன். எழுத்து கோணிப்போயிற்று. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மைப்பெட்டியை நகர்த்தினார். விரலில் பசை இருந்ததால் முதல் ரேகை பதியவில்லை. அம்மா முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"இதுல எது நான்?" என்று கேட்டாள்.

நாலாவது வரியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் வரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "சரி, அடுப்புல பசை கட்டியாயிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.